மூன்று வேளையும் அரிசிச்சோறு

அனுமந்தன்பட்டி
8.9.1973

அன்புத் தம்பி கருத்தக்கண்ணனுக்கு,

நாங்கள் நால்வரும் சுகம். நீ ஊருக்கு வந்து நாலு வருடமாகிறது. மூன்று மாதமாகக் கடிதமும் இல்லை. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது உன் மச்சான் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன வாரம் சர்க்கார் சர்வேக்காரர் வந்தார். நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள் என்று எழுதுகிறார்களாம். அதற்கு நம் ஊரில் பன்னிரண்டு வீட்டைப் பொறுக்கி எடுத்தார்கள், அதில் நம் வீடும் ஒன்று. தெருவே வாசலில் கூடிவிட்டது. உன் பெயரைச் சொன்னதும், "உங்க தம்பி எங்க ஆபீஸ்லயா இருக்காக?" என்று எழுந்தே நின்றுவிட்டார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

அக்கா
சோணையம்மாள்

மெட்ராஸ்
20.11.1973

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாததற்குக் கோபிக்காதே.

ஒரு வீட்டு விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. உன் வீட்டு விவரத்தை உன்னிடம்தானே சொல்கிறேன். சரிபார்க்கும் படிவங்களோடு உன்னுடையதும் என் மேசைக்கு வந்தது. மூன்று வேளையும் அரிசிச்சோறு, தினம் ஒரு லிட்டர் பால், வாரம் ஒரு டஜன் முட்டை. நாட்டின் விளைச்சல் பெருகுகிறது என்று வருடந்தோறும் எழுதுகிறோம். அது போய்ச் சேர்ந்த ஒரு வீட்டை இப்போதுதான் பார்த்தேன். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

உன்னைப் பற்றிய கவலை விட்டது. பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்து பத்து நாள் தங்குகிறோம்.

தம்பி
கருத்தக்கண்ணன்

அனுமந்தன்பட்டி
2.12.1973

தம்பிக்கு,

பொங்கலுக்கு அவசியம் வா. ஆனால் தெரிந்துகொண்டு வா. இங்கே பாலும் இல்லை, முட்டையும் இல்லை. பகலில் கம்பங்கூழ். ராத்திரி மட்டும் சோறு, அதுவும் வேலை கிடைத்த நாளில். உன் பெயரைச் சொன்ன வாயால், ஊர் கேட்கக் கூழ் என்று சொல்ல வரவில்லை. உன் மச்சானும், "பால் எம்புட்டுன்னு கேக்குறாக, சொல்லு" என்றார். அவருக்கும் வெட்கம்தான்.

விளைச்சல் பெருகியது பொய்யில்லை. புது நெல் வந்ததிலிருந்து பண்ணையில் இரண்டு மடங்கு காண்கிறது. அறுப்புக் கூலி மட்டும் பழைய மரக்கால்தான். டிராக்டர் வந்தபின் களத்தில் பதினைந்து நாள் வேலை நாலு நாளாகிவிட்டது. மூட்டைகள் நம் வீட்டைக் கடந்துதான் லாரியில் போகின்றன.

இதனால் உன் வேலைக்கு ஏதும் வந்துவிடாதே?

சோணையம்மாள்

மெட்ராஸ்
11.12.1973

அக்கா,

என் வேலைக்கு ஒன்றும் வராது. அதுதான் தாளவில்லை.

அதிகாரியிடம் போய், அது என் அக்கா வீடு, எழுதியது தப்பு, மறுபடி ஆள் அனுப்புங்கள் என்றேன். கூட்டலில் சேர்ந்துவிட்டது, ஒரு வீட்டால் என்ன மாறிவிடும் என்றார். பதினோரு வருடமாக இப்படிக் கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வீடுகளோ!

அக்கா வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைப் படிவத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். உனக்கு என்ன வெட்கம்?

பிள்ளைகள் பொங்கலுக்கு வருவார்கள். நான் இந்தச் சனிக்கிழமையே வருகிறேன், தனியாக.

கருத்தக்கண்ணன்