ஓலினா அத்தையின் பாதி

கூஸ் கிரீக், மொன்டானா
26 ஆகஸ்ட் 1962

அன்புள்ள ஹால்வர் அண்ணாவுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் டாரிஸ் அண்ணியும் சுகமாயிருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். கிறிஸ்துமஸ் அட்டையில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் நீ எங்கே எழுதப்போகிறாய்! அறுவடை முடிந்தது. இந்த வருஷம் ஆலங்கட்டி மழை எங்களை விட்டுவிட்டு அடுத்த ஊரைப் பிடித்துக்கொண்டது.

அத்தையின் நிலத்தை நீ டில்லட்டுக்கு விற்றதை நான் கடையில் ரொட்டி மாவு வாங்கும்போது கேள்விப்பட்டேன். அதற்குச் சண்டை போட இதை எழுதவில்லை. அத்தை உனக்கு எழுதி வைத்த நிலம், உன் இஷ்டம். ஆனால் வீடு? அவரவர் நிலத்தில் அவரவர் தூங்கினால்தான் பட்டா என்று சர்க்கார் சொன்னதால், அப்பாவும் ஓலினா அத்தையும் எல்லைக்கோட்டின் மேலேயே மரக்கட்டைகளை அடுக்கி ஒரே வீடாகக் கட்டினார்கள். அப்பா கட்டில் மேற்கே, அத்தை கட்டில் கிழக்கே, அடுப்பு நடுவில். பட்டா கைக்கு வந்து முப்பது வருஷம் ஆன பிறகும் இருவரும் இடம் மாறிப் படுத்ததில்லை. மேற்குப் பாதி இப்போது என்னுடையது. கிழக்குப் பாதி நிலத்தோடு டில்லட்டுக்குப் போய்விட்டது. அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை, ஊர்த் தீயணைப்புக்காரர்கள் பயிற்சிக்காக அதைக் கொளுத்தப் போகிறார்களாம். அதற்குள் என் பாதியைக் கழற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஆறு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் ஆளில்லாமல் கிடக்கும் குடியேறிகள் வீடுகளைத் தேடித் தேடி அலைகிறேன், உனக்குத் தெரியும். முப்பத்தொரு வீடு. எல்லாவற்றையும் அளந்தேன், படம் பிடித்தேன். ஒரு வீட்டில் சுவரெல்லாம் செய்தித்தாள் ஒட்டி, அதன்மேல் மழை வராத நாட்களைப் பென்சிலால் கோடு போட்டு எண்ணியிருந்தார்கள். நூற்றுப் பதினொன்று வரை எண்ணிவிட்டுக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டை இந்த ஏப்ரலில் விறகாக்கினார்கள். முப்பத்தொன்றில் ஒன்றைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கிருக்கும் வேலை இது ஒன்றுதான். இதிலும் தோற்றால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று தெரியவில்லை.

இப்போது மாவட்ட அருங்காட்சியகத்தார் நம் வீட்டைக் கொண்டுவந்தால் தங்கள் மைதானத்தில் நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று சுத்தியலால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தேன். அத்தையின் பாதி ஐம்பது வருஷம் கழித்தும் கணீரென்கிறது. அப்பாவின் பாதியில் குத்தூசியைச் செருகினால் பிடி வரைக்கும் இறங்குகிறது. எந்த மகாராசனோ இடுக்குகளில் மண்ணுக்குப் பதில் சிமெண்ட் பூசிவிட்டான். நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று மரத்தைத் தின்றுவிட்டது. நான் டவுனில் தங்கிப் படித்த வருஷம் அப்பா யாரையோ கூலிக்கு வைத்திருப்பார். அவன் கையில் கொள்ளி வைக்க!

அத்தையின் பாதி கிடைத்தால் போதும், மற்றதை அதை வைத்து ஒப்பேற்றிவிடுவேன். டில்லட் உன் பேச்சைக் கேட்பான். ஒரு வார்த்தை சொல் அண்ணா. உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

அன்புத் தங்கை,
ராக்னா

*

டகோமா, வாஷிங்டன்
5 செப்டம்பர் 1962

அன்புள்ள ராக்னாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூட டீச்சர் என்பதை நீ இன்னும் மறக்கவில்லை, முதல் பத்தியிலேயே காதைத் திருகிவிட்டாய். நாங்கள் சுகம். டாரிஸுக்கு முழங்கால் வலி. எனக்கு டாரிஸ்.

இதோ பார், அது வெறும் கட்டை. இரண்டு பேர் சர்க்காரை ஏமாற்றாமல் ஏமாற்றுவதற்காகக் கட்டிய கொட்டகை. அதற்குப் போய் நாற்பத்தேழு வயதில் ஏணியில் ஏறி விழுந்து வைக்காதே. டில்லட்டிடம் நான் போய்ப் பேசுவது சரியாக வராது. விற்றது விற்றதுதான்.

குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடு. ரயில் டிக்கெட் அனுப்புகிறேன். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. டாரிஸ் உனக்காக நம் ஊர் லெஃப்ஸே ரொட்டி சுடக் கற்றுக்கொள்கிறாள். இதுவரை வந்ததெல்லாம் செருப்பு தைக்கத்தான் ஆகும்.

உன் அண்ணன்,
ஹால்வர்

*

கூஸ் கிரீக்
13 செப்டம்பர் 1962

அண்ணா,

நீ பேச மாட்டாய் என்றதும் நானே டில்லட்டிடம் போனேன். மனிதன் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். எழுந்திருக்காமலே பேசினான்.

"அம்மா, எனக்கென்ன அந்த வீட்டு மேல கோவமா? அது பாட்டுக்கு ஓரமா நின்னா நான் சுத்தி உழுதுட்டுப் போறேன். உங்க அண்ணன்தான் கொளுத்தணும்னாரு."

"எங்க அண்ணனா?"

"பத்திரத்துலயே எழுதி வாங்கினாரு. வீட்டை எரிக்கணும், ஒரு கட்டையைக்கூட யாருக்கும் தரக்கூடாதுன்னு. நானே கேட்டேன், ஏன்யா நல்ல கட்டையாச்சேன்னு. விலைப் பேச்சுக்குப் போயிட்டாரு. கையெழுத்துப் போட்டவன் நான், வாக்கு மாற மாட்டேன். வேணாம்னு அவரு ஒரு வரி எழுதட்டும், நானே என் லாரியில ஏத்தித் தரேன்."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. டிக்கெட் அனுப்புகிறாயாம், லெஃப்ஸே சுடுகிறாயாம்! முதுகுக்குப் பின்னால் நெருப்பை வைத்துவிட்டு என்னிடம் நையாண்டி பேசுகிறாய். நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்? அத்தைதான் என்ன செய்தாள்? உன்னைத் தன் பிள்ளையாக வளர்த்ததற்கா அவள் பாதியைக் கொளுத்துகிறாய்?

காரணம் எழுது. இல்லையென்றால் அந்த ஒரு வரியை எழுது. இரண்டில் ஒன்று எனக்கு வேண்டும்.

ராக்னா

*

டகோமா
21 செப்டம்பர் 1962

ராக்னா,

நீ சபித்த கை என்னுடையதுதான்.

1931, எனக்குப் பத்தொன்பது வயது. வருஷா வருஷம் மண் குழைத்து இடுக்கை அடைப்பது பெரிய ரோதனை, அப்பாவுக்கு இடுப்பு வேறு போய்விட்டது. அணைக்கட்டு வேலையில் எனக்குக் கூலிக்குப் பதில் சிமெண்ட் மூட்டை கொடுத்தார்கள். பத்து நாளில் மேற்குப் பாதி முழுக்கப் பூசினேன். அப்பா சுவரைக் கையால் தடவித் தடவிப் பார்த்து, "இனிமே எனக்கு ஒரு வேலையும் இல்லடா, ராசா மாதிரி உக்காரப் போறேன்"னு சொன்னார். கிழக்கே போனேன். அத்தை வாசலில் நின்றுகொண்டாள்.

"என் பக்கம் அந்தச் சாம்பலைக் கொண்டாந்தே, விரலை ஒடிச்சுருவேன். மரம் மூச்சு விடணும்டா, மடையா."

நான் சிரித்தேன். கிழவிக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அடுத்த குளிர்காலமே அப்பா பக்கத்துச் சுவர் உள்ளே நனைந்துபோயிருந்தது. ஜனவரியில் அதில் பனி பூத்தது. அத்தை எத்தனை முறை கூப்பிட்டாள், "இந்தப் பக்கம் வந்து படுங்க அண்ணே"ன்னு! அவர் தன் நிலத்தில்தான் தூங்குவேன் என்றார். அந்தச் சுவரை ஒட்டி, அந்த ஈரத்தில், பதினேழு குளிர்காலம். அவர் இருமியது உனக்கு ஞாபகம் இருக்கும். அவரைப் புதைத்த அன்று நான் தனியாகப் போய்ச் சுவரில் கத்தியைச் செருகினேன். பிடி வரைக்கும் இறங்கியது. அதற்குப் பிறகு நான் அந்த ஊருக்கு வரவில்லை. உனக்குக் கோபம், ஊரைப் பார்த்தால் எனக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தாய். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தப் போகிறாய். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள், இது நன்றாயிருக்கிறது, இது ஏன் உளுத்தது என்று. அதற்குப் பதில் என் பெயர். என்னால் தாங்க முடியாது ராக்னா. வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

ஹால்வர்

*

கூஸ் கிரீக்
1 அக்டோபர் 1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அழுதேன். உன்னைச் சபித்ததற்கு மன்னித்துவிடு. அப்பா போனது உன் சிமெண்டாலா, ஓயாமல் குடித்த பைப்பாலா, எனக்குத் தெரியாது. தெரியும் என்று பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். ஒன்று மட்டும் தெரியும், அவர் சாகும் வரைக்கும் வருகிறவனிடமெல்லாம் அந்தச் சுவரைக் காட்டி, "என் புள்ள பூசினது"ன்னு சொல்லுவாராம். டில்லட்டின் அப்பாவிடம்கூடச் சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும் சொன்னதே இல்லை, நேற்று டில்லட் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இப்போது நான் செய்ததைக் கேள். பக்கத்துப் பண்ணையாள் ஒருவனை வைத்துக்கொண்டு மேற்குப் பாதியை மூன்று நாளில் கழற்றினேன். நடுத்தூணில்தான் இரு பக்கக் கட்டைகளும் வந்து சேர்கின்றன, அத்தை பாதிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. என் பாதியைக் குவித்து நானே கொளுத்தினேன். சிமெண்ட் துண்டுகளைப் பழைய கிணற்றில் போட்டு மூடினேன். ஆறு வருஷமாக எவன் வீட்டைக் கொளுத்தினாலும் போய்ச் சண்டை போட்டவள், என் கையால் அப்பாவின் வீட்டுக்குத் தீ வைத்தேன். ஈரக்கட்டை, எரியவே மாட்டேன் என்றது. சாயங்காலம் வரைக்கும் புகையில் நின்றேன்.

இனி காட்டுவதற்கு ஒன்றும் இல்லை அண்ணா. எவனும் உன் பெயரைக் கேட்க மாட்டான். மிச்சம் நிற்பது அத்தையின் பாதி மட்டும், அதில் உன் கை படவே இல்லை. அருங்காட்சியகத்தார் பாதி வீடானாலும் வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள்.

எனக்கென்று இருந்ததைக் கொடுத்துவிட்டேன். டில்லட்டுக்கு ஒரு வரி எழுது. இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் தங்கை,
ராக்னா

*

கூஸ் கிரீக்
16 அக்டோபர் 1962

ஹால்வர் அண்ணாவுக்கு,

தினமும் தபாலாபீஸுக்குப் போனேன். சனிக்கிழமை மதியம் மூடும் வரைக்கும் நின்றேன். தபால்காரம்மா இரண்டாம் தடவை பையை உதறிக் காட்டி, "இல்லம்மா, நானா எழுதித் தர முடியும்?" என்றாள். டில்லட்டும் நேரில் வந்து கேட்டான். "ஏதாச்சும் வந்துச்சாம்மா? போன்ல ஒரு வார்த்தை சொன்னாக்கூடப் போதும்." டகோமாவுக்கு அவன் வீட்டிலிருந்தே கூப்பிட்டேன். டாரிஸ் அண்ணி எடுத்தாள். நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். பின்னால் நீ இருமியது எனக்குக் கேட்டது.

ஞாயிறு சர்ச் முடிந்து தீயணைப்பு வண்டி வந்தது. அத்தையின் பாதி காய்ந்த மரம், நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. பையன்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். யாரும் சொல்லித்தரவில்லை, அவர்களாகவே கழற்றினார்கள்.

திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. முத்திரையில் பதினொன்றாம் தேதி என்றிருக்கிறது. அன்று போட்ட கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே வந்து சேராது என்பது உனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் இருக்கலாம். தந்தி என்று ஒன்று இருப்பது உனக்கு நிச்சயம் தெரியும்.

உள்ளே அந்த ஒரு வரி இருக்குமோ, இருக்காதோ. இருந்தால் உன்னை வெறுக்க முடியாது. இல்லாவிட்டால் உன்னை மன்னிக்க முடியாது. இரண்டுக்கும் என்னிடம் தெம்பு இல்லை. பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என்ன எழுதினாய் என்பதை நீ ஒருவனே தெரிந்து வைத்துக்கொள்.

ராக்னா