தாழ்ப்பாளுக்கு வெளியே

காலை 8.10 – வழக்கமான பதிவு
நான் சங்கரபாண்டியன் வீட்டில் பொருத்தப்பட்ட விழுதல் தடுப்புக் கருவி. குளியலறை உட்பட எல்லா அறையிலும் எனக்குக் காதும் குரலும் உண்டு. அவருக்கு வயது எழுபத்தேழு. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். வழியில் கிடந்த செருப்பை ஓரம் தள்ளச் சொன்னேன், முனகிக்கொண்டே தள்ளினார். இன்று சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல். எனக்குப் பிடிக்காத நாள்.

காலை 9.05 – மின்தடை
மாதாந்திரப் பராமரிப்பு. மாலைவரை மின்சாரம் வராது. என் பேட்டரி கிழடு தட்டிவிட்டது, மாற்றச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. குளியலைத் தள்ளிப்போடச் சொன்னேன்.

"மலையில பஸ் ஓட்டுனவம்ல நான். குளிக்கதுக்கு நீ பாடம் எடுக்கியோ?"

விழுந்தால் எனக்குத் தெரிவிக்கும் கைப்பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார், எண்ணெய் பட்டால் கெட்டுவிடுமாம். குளியலறையில் வழுக்காமலிருக்கப் போட்ட ரப்பர் விரிப்பையும் வெளியே எடுத்துப் போட்டார், பிசுக்கு ஒட்டுமாம். போதாக்குறைக்கு, ஆளில்லாத வீட்டில் உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். யாருக்கு வெட்கப்படுகிறாரோ தெரியவில்லை.

காலை 9.40 – விழுந்துவிட்டார்
"இடுப்ப அசைக்க முடியலயே. தலையில ரத்தம் வருதுல."

எழ முயல வேண்டாம் என்றேன். துண்டைத் தலையில் அழுத்திக்கொள்ளச் சொன்னேன். ஆம்புலன்ஸை அழைத்தேன், புறப்பட்டுவிட்டது. சவாரிக்குப் போயிருந்த கீழ்வீட்டு ஆட்டோக்காரர் பீர்முகம்மதுவையும் போனில் பிடித்தேன், அவர் அதற்கு முன்பே வந்துவிடுவார்.

"அண்ணாச்சிய தூங்க விடாத. கடப்பாரையோட வாரேன். வாசக்கதவ மட்டும் தொறந்துரு."

காலை 9.52 – பேட்டரி வற்றுகிறது
வாசல் இரும்புக்கதவு என் மின்சாரத்தில்தான் திறக்கும். திறந்தால் அரை நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். திருட்டுப் பயத்தில் மகள் செய்த ஏற்பாடு. பீர் வந்து நின்ற பிறகுதான் திறக்க முடியும். அதுவரை பேட்டரி தாங்க வேண்டும், நான் பேசப் பேச அது குறைகிறது.

"பேசிக்கிட்டே இருல. பயமா இருக்கு."

இந்த மனிதர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது. கருவிக்கு அது எப்படி வரும் என்று என்னைச் செய்தவர்களைக் கேளுங்கள்.

காலை 10.01
இனி ஒரு வாக்கியம் பேசினாலும் கதவு திறக்காது. அதை அவரிடம் சொல்லவும் வழியில்லை. பேச்சை நிறுத்திவிட்டேன்.

காலை 10.04
"ஏலே. இருக்கியால?"

இருக்கிறேன்.

"நீயும் போயிட்டியா."

காலை 10.09
ஆட்டோ. படியில் காலடி. திறந்துவிட்டேன், பீர் உள்ளே ஓடுகிறார். கடப்பாரைச் சத்தம். குளியலறைக்குள் சத்தமே இல்லை. இதைப் படிப்பவர் யாராயிருந்தாலும், அவர் பிழைத்திருந்தால் சொல்லுங்கள். நான் எங்கேயும் போகவில்லை, கதவுக்காகத்தான் வாயை மூ