வரைபடத்தில் இல்லாத பதினோரு வீடுகள்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிரியந்தி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? றொசல்லயில் மழை விட்டதா?

இங்கே பினாங்கில் வரப்போகும் இலகு ரயில் நிலையங்களைச் சுற்றிக் கடைகளும் மாடிவீடுகளும் எங்கே அமைய வேண்டும் என்று எங்கள் அலுவலகம் வரைபடம் போடுகிறது. போன வாரம் ஓரிடத்தை அளக்கப் போனேன். படத்தில் வெறும் நிலம் என்றிருந்த இடத்தில் நம்முடையது போலவே ஒட்டிய வீட்டு வரிசையாகப் பழைய தோட்டத்து லயம் ஒன்று நின்றது. பதினோரு வீடுகள், எல்லாம் நம் ஆட்கள். காளீஸ்வரி என்ற அம்மா தேநீர் கொடுத்துவிட்டு, "இதுல எங்க வீடு எதும்மா?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாள் பதினொன்றையும் நானே வரைந்து சேர்த்து நகரசபைக்கு அனுப்பிவிட்டேன். மேலாளருக்குக் கோபம்.

"பத்திரம் இல்லாத வீட்ட ஏன் போட்ட?"

"அதுல ஆளுங்க குடியிருக்காங்களே, சார்."

வீடுகள் தப்புமா, தெரியாது. ஆனால் அடுத்த மாதம் ரயில் திட்டம் பற்றி அங்கே நடக்கும் கூட்டத்துக்குக் காளீஸ்வரி அம்மாவை அழைத்திருக்கிறார்கள். என்னை இனி வெளிவேலைக்கு அனுப்ப மாட்டார்களாம். வெயிலில் அலைய வேண்டாம், நல்லதுதான். நாற்காலியில் மட்டும் இருப்புக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள், அம்மா. அப்பா, நம் வீட்டை முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து அடுப்படிச் சுவர் வரை அடிக்கணக்கில் அளந்து எழுதுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். வரைந்து மேசையில் வைத்துக்கொள்வேன்.

பஸ் நிறுத்தத்தில் இருந்துதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
பிரியந்தி