வெடிமருந்துத் தட்டு

சுகிர்தா,

கருவாட்டுக் குழம்பு அடுப்பில் இருக்கிறது.

நேற்று நீ என் பிராந்தி பாட்டிலைக் கவிழ்த்தாய் என்று உன்னைச் சுவரில் மோதினேன். "எங்கம்மாவ வெடி தின்னுச்சு, என்னைய நீங்க தின்னுருங்கப்பா" என்றாய்.

பட்டாசுக் கம்பெனி வேனில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து, விருதுநகரில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு மூன்று ஞாயிறு போய், பேசாமலே திரும்பினேன். இன்று பேசப் போகிறேன். முதலில் நீ தெரிந்துகொள்.

வெடிமருந்துத் தட்டை அம்மா தவறவிடவில்லை. அன்று மருந்து அறை வாசலிலிருந்து அவளிடம் நீட்டும்போது, முந்தின நாள் குடித்த என் கைதான் அதை நழுவவிட்டது. உள்ளே நின்ற அவள் கரியானாள். வாசலில் நின்ற நான் பிழைத்தேன். விசாரணையில், "அவதான் கீழ போட்டா" என்றேன்.

அப்பா

தைலம் அலமாரியில் இருக்கிறது. பெரியம்மா வீட்டுக்குப் போவதானால் போ. அவரிடமும் சொல்லிவிடு. இன்னும் தங்கச்சியின் கவனக்குறைவைத்தான் திட்டி அழுகிறார்.