பள்ளங்கி ரோட்டில் மூட்டம்

1962 மே 6, ஞாயிறு. பழனி

காலை ஏழுக்கே வெயில் சுடுகிறது. வேனில் சாமான் ஏற்றியாச்சு. பம்பு ஸ்டவ், மண்ணெண்ணெய், அரிசி, பருப்பு, இட்லிப்பொடி, கம்பளி இரண்டு, தண்ணீர்க் குடம், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல் இரண்டு. ஸ்வெட்டர் எங்கள் பள்ளிக்கூடத்து மேரி டீச்சரிடம் இரவல். மறந்தது: சீப்பு.

வேன் இவருடைய சிநேகிதர் காதர் பாயுடையது. பழைய ஆம்புலன்ஸ். பின்னால் பலகை அடித்துக் கட்டில் ஆக்கிக் கொடுத்திருக்கிறார். "வீடு கணக்கா இருந்துட்டு வாங்க தங்கச்சி" என்றார்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். இவர் பஸ்ஸில் ஊரையே ஏற்றிப் போவார், என்னை எங்கேயும் கூட்டிப் போனதில்லை. இந்த வருஷம் கொடைக்கானல் போகலாம் என்று தானாகவே லீவு போட்டார். அடுத்த லீவுக்குப் போவோமே என்றேன். "இப்பவே போயிரணும் கமலம்." ஏன் என்று கேட்கவில்லை. சந்தோஷம்.

மே 7, திங்கள்

ராத்தங்கல் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு தோப்பில். கொசு. வெள்ளனே கிளம்பினோம்.

மலை ஏற ஏற எனக்குத் தலை சுற்றல். எலுமிச்சம்பழம் மோந்துகொண்டே வந்தேன். இவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் இதே ரோட்டில் பஸ் ஓட்டியவர். "இப்ப ஒரு பாலம் வரும் பாரு" என்பார், வரும். "இனி எடது கைப்பக்கம் பள்ளம்." பள்ளமேதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அருவிக்குப் பக்கத்தில் வண்டி கொதித்து நின்றது. அருவித் தண்ணீரையே ஊற்றினோம். என் சேலை முழுக்க நனைந்தது. இவர் சிரித்தார். இவ்வளவு சத்தமாகச் சிரிப்பார் என்று தெரியாது.

மே 8, செவ்வாய். அட்டுவம்பட்டி

மழை. கொடைக்கானலைத் தாண்டி, பேரிக்காய் மரத்துக்குக் கீழே நிறுத்தியிருக்கிறோம். வேன் கூரை ஓர் இடத்தில் ஒழுகல். சட்டி வைத்தேன். சோறு குழைந்துவிட்டது. உருளைக்கிழங்கு மட்டும் நன்றாக வந்தது.

காப்பியைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். கம்பளியெல்லாம் காப்பி. கத்திவிட்டேன். கம்பளியை மழையில் பிடித்து அலசிக்கொண்டு வந்தார். பாவமாய் இருந்தது. எதற்காகக் கத்தினேன்?

மே 9, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால் மனசு அடங்கும்.

காலையில் மழை விட்டுப் பளீரென்று வெயில். பக்கத்து ஊர் பள்ளங்கி பார்க்கலாம் என்று கிளம்பினோம். எதிர் மலையில் மேய்கிற மாட்டைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இவர் கியரைக் குறைத்தார்.

"மூட்டம் எறங்கிருச்சு. மெதுவாத்தான் போகணும்."

விளையாட்டு என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கண்ணை இடுக்கிக்கொண்டு, ஸ்டியரிங் மேல் குனிந்து. விளையாட்டு இல்லை. வெயிலில் அவருக்கு மட்டும் மூட்டம்.

அந்த நிமிஷமே வளைவில் ஒரு பொம்பிளை, தலையில் பூண்டு மூட்டை. ரோட்டு நடுவில். இவர் வண்டியைத் திருப்பவே இல்லை. "ஆளு! ஆளு!" என்று அலறி அவர் கையைப் பிடித்து இழுத்தேன். பிரேக். அவள் பக்கத்துச் சரிவில் விழுந்தாள். பூண்டெல்லாம் ரோட்டில் உருண்டது. முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் ஒரு முழம் இருக்கும்.

எழுந்து வந்தாள். முழங்காலில் ரத்தம்.

"ஏலே, ஒனக்குக் கண்ணு தெரியலயா?"

இவர் இறங்கி அவள் முன்னால் நின்றார்.

"தெரியலம்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் மூன்று பேருமாகக் குனிந்து பூண்டு பொறுக்கினோம். இவர் கையால் தடவித் தடவிப் பொறுக்கினார்.

அவள் பேர் செல்லத்தாய். வீட்டுக்குக் கூட்டிப்போய் எங்களுக்கே கடுங்காப்பி கொடுத்தாள். அவள் தம்பி முத்தையா லாரி டிரைவர். அவர்தான் வேனை அட்டுவம்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு வந்து விட்டார்.

மே 10, வியாழன்

காற்று. காலையிலிருந்து இவரோடு பேசவில்லை. சோறு வடித்துத் தட்டை நகர்த்தினேன், அவ்வளவுதான்.

மத்தியானம் அவராகவே சொன்னார். வலது கண் போய் ஒரு வருஷம் ஆச்சு. இடது கண்ணிலும் இப்போது பால் ஊற்றின மாதிரி. போன தடவை கண் டெஸ்டுக்கு, முன்னால் நின்றவர் அட்டையைப் படித்ததைக் கேட்டு மனப்பாடம் பண்ணி ஒப்பித்தாராம்.

"இந்த மலையை ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோம், ஒன்னயும் கூட்டிட்டு. அப்பறம் என்ன ஆனாலும் ஆகட்டும்னு நெனச்சேன்."

"பஸ்ல ஒங்களுக்குப் பின்னால அம்பது பேரு உக்காந்துருக்காங்க. அவங்களும் அப்பறம் என்ன ஆனாலும் ஆகட்டுமா?"

தலை குனிந்தார். "எனக்கு வேற சோலி தெரியாது கமலம். கம்பெனில சொல்லிராத."

நான் சொல்ல மாட்டேன், நீங்கள்தான் சொல்லணும் என்றேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றும் சொன்னேன். அழுதார். இவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் அழவில்லை. இதை எழுதும்போதுதான்.

மே 11, வெள்ளி

முத்தையாவை ஓட்டச் சொல்லிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லேடி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணில் புரை. வலது நன்றாக முற்றிவிட்டதாம், ஆபரேஷன் பண்ணலாம். மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்புறம் கண்ணாடி போட்டால் பேப்பர் படிக்கலாமாம்.

"பஸ் ஓட்டலாமாங்க?" என்று இவர் கேட்டார்.

"நோ. ஸாரி. அதை மறந்துடுங்க."

வெளியே ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். வெள்ளைக்காரக் குழந்தைகள் படகில். ப்ளம்ஸ் வாங்கினேன். புளிப்பு. மூன்று தின்றார். நல்லதுதான்.

மே 12, சனி

இறக்கம். முத்தையாதான் ஓட்டினார். இன்னொருத்தர் ஓட்ட இவரால் முன்னால் உட்கார முடியவில்லை. வளைவுக்கு வளைவு கால் தரையை மிதிக்கிறது. "அண்ணே, நீங்க பலகையில சாஞ்சுக்கங்க" என்றார் முத்தையா, மரியாதையாகத்தான். நானும் கூடப் பின்னால் போனேன். பின்கதவில் ஒன்றைக் கொக்கி போட்டுத் திறந்து வைத்தோம். மலை எங்களை விட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"இந்த ரோட்டை இப்படித் திரும்பிப் பாத்ததே இல்ல" என்றார். "என்ன தெரியுது, சொல்லு."

சொன்னேன். புகை. காப்பித் தோட்டம். ஓர் ஆள் குடை பிடித்து ஆடு ஓட்டுகிறார். மேகம். ஒரு பொம்பிளை கைகாட்டுகிறாள்.

"நீயும் காட்டு" என்றார். காட்டினேன். அவரும் காட்டினார், வேறு பக்கமாக. திருத்தவில்லை.

மே 14, திங்கள். பழனி

புழுக்கம். பஸ் கம்பெனிக்கு இவரே போனார். நான் எதிர்ப்புறம் சைக்கிள் கடை நிழலில் நின்றேன். அரை மணிக்கு மேல். வெளியே வந்தார். நான் நிற்கிற இடம் தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். ஓடிப் போனேன்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"மொதலாளி மொதல்ல திட்டுனாரு. அப்பறம் உக்காரச் சொன்னாரு. கண்ணு சரியானதும் பஸ் நேரம் குறிக்கிற டைம் ஆபீஸ்ல ஏதாவது வேலை பாக்கலாம்னாரு. நிச்சயமாச் சொல்லல."

கடைவீதியில் சரியான கூட்டம். மாட்டு வண்டி, காவடி, குழந்தைகள். கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். தெருவில் இதுதான் முதல் தடவை. ஜவுளிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

நாளை வெள்ளனே மதுரை ஆஸ்பத்திரிக்கு பஸ். ஜன்னலோரம் அவருக்கு வேணுமாம்.