இரண்டாம் பாகத்தில் அவன் முதலாளி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

ஞாயிறன்று எங்கள் தையல் ஆலையே எல்லோரையும் நாம் காத்திருந்த படத்தின் இரண்டாம் பாகத்துக்கு அழைத்துப்போனது. நாயகன் வந்ததும், நீங்கள் பழக்கிய விசிலை அடித்துவிட்டேன். முதல் பாகத்தில் வேலைநிறுத்தம் நடத்தியவன், இதில் முதலாளியாகி, வேலைநிறுத்தக்காரர்களை உதைக்கிறான்! அவர்களெல்லாம் ரவுடிகளாம். வேலைநிறுத்தத்தில் வேலை போனபோது நீங்கள் யாரை அடித்தீர்கள்? பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

"படம்தானேம்மா, எதுக்கு இவ்ளோ கோபம்?" என்றார் சூப்பர்வைசர்.

"எங்கப்பாவை அடிக்கிறாங்க சார். கைதட்டவா சொல்றீங்க?"

பயப்படாதீர்கள், வேலை இருக்கிறது.

என் கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். அந்தப் படத்துக்குப் போகாதீர்கள். மீறிப் போனால் உடனே போன் செய்யுங்கள்; சேர்ந்து திட்ட இங்கே ஆளில்லை.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்