கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்

ஆகஸ்ட் 17, வியாழன்

முதல் பஸ் போய்விட்டது. சமையல் வேலையால் அல்ல, தப்பு என் மேல்தான். காலை ஜெபம் முடித்துவிட்டுக் கொஞ்சம் தலை சாய்த்தேன். திருமானூர் வந்து, கொள்ளிடம் தாண்டி, தஞ்சாவூரில் இறங்குவதற்குள் வகுப்பு தொடங்கியிருந்தது. எங்கள் நாடகத்துறையில் தாமதமாக வருகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் அப்படிப் போய் உட்கார்ந்தேன். எம்.ஏ. என்றால் சும்மாவா!

இன்று ஆளுக்கு ஒரு வசனம். எனக்கு வந்தது, "கதவைத் திற, நான் வந்திருக்கிறேன்." எழுந்து நின்றேன். வலது கையை நெஞ்சுவரை உயர்த்தினேன். வாயை அசைத்தேன். கையை நீட்டி முடித்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன்.

"சலேத்தக்கா, மியூட்ல இருக்கீங்க" என்றான் வேல்முருகன், ஜெயங்கொண்டத்துப் பையன்.

சத்தம் வரவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பேராசிரியர் பானுப்ரியா மேடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். சொன்னேன்.

எங்கள் ஊர்க் கோவில் பங்கில் வருஷாவருஷம் தவக்காலத்தில் பாஸ்கா நாடகம் நடக்கும். ஆண்டவருடைய பாடுகள் முழுவதும். வசனத்தை யாரும் பேசுவதில்லை. எப்போதோ பதிவு செய்த குரல்கள் ஸ்பீக்கரில் ஓடும். மேடையில் இருப்பவர்கள் வாயசைக்க வேண்டும், யார் பேசுகிறார் என்று ஜனங்களுக்குத் தெரியக் கையை அசைக்க வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான், சிலுவை சுமக்கும் ஆண்டவரின் முகத்தைத் துடைக்கிற வெரோணிக்காள். மீதி நேரம் அங்கி தைப்பது. இத்தனை வருஷத்தில் மேடையில் என் தொண்டையிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. பழக்கதோஷம், நேற்று ஸ்பீக்கருக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

மேடம் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முதல் வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் முன்னால், பத்து நிமிஷம் நடித்துக் காட்ட வேண்டுமாம். மைக் கிடையாது. மேடம் வந்து பார்ப்பார். கடைசி வரிசைக்குக் கேட்டால் இரண்டாம் வருஷம் நடிப்புப் பிரிவு. கேட்காவிட்டால் உடை, ஒப்பனைப் பிரிவு.

"அதுவும் நல்ல பிரிவுதான், சலேத் மேரி" என்றார்.

நல்ல பிரிவுதான். ஆனால் அங்கி தைக்கவா நான் இத்தனை தூரம் வருகிறேன்? எட்டாவதோடு நிறுத்தினார்கள். பத்து, பன்னிரண்டு, பி.ஏ. எல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து நானே படித்துப் பாஸ் செய்தவை. மாதாவே, தைக்க மட்டும் அனுப்பிவிடாதே.

செப்டம்பர் 10, ஞாயிறு

பெரம்பலூர் நர்சிங் ஹாஸ்டலிலிருந்து மகள் சுகன்யா போன். "என்ன ஜூனியர், ராகிங்லாம் ஒழுங்கா நடக்குதா?" பெற்றவளிடம் பேசுகிற பேச்சைப் பார்.

மாதர் சங்கக் கணக்கு எழுதி முடித்தேன். கணக்கு தேறிவிட்டது. குரல்தான் இன்னும் தேறவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

வந்துவிட்டது! சத்தம் வந்துவிட்டது. அதுவும் நன்றாகவே. ஜெபமாலை மாதம் என்பதால் சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஜெபமாலை சொல்கிறோம், நான்தான் முன்சொல்கிறேன். அந்தக் குரலையே வகுப்பில் எடுத்தேன். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

ஆர்த்திதான் மெல்லச் சொன்னாள், தஞ்சாவூர்ப் பெண், மனசு நோகாமல் பேசுவாள்: "நல்லா கேக்குதுக்கா. ஆனா நீங்க முடிச்சதும் ஆமென் சொல்லத் தோணுது."

உண்மைதான். "கதவைத் திற" என்பதும் "அருள் நிறைந்த மரியே" ராகத்தில்தான் போகிறது. வேல்முருகன் முழங்காலில் நின்று காட்டினான். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பிள்ளைகள் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "யூதாசு! யூதாசு!" என்று கத்திக்கொண்டு ஓடின. இவர் கல்லெடுப்பது போலக் குனிந்து பாவனை காட்டினார். வழக்கமான விளையாட்டு.

எங்கள் ஊரில் பாஸ்காவில், ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கிற யூதாஸ் வேஷம் கட்ட யாரும் முன்வர மாட்டார்கள். கட்டினால் வருஷம் முழுக்க அந்தப் பேர்தான். டீக்கடை, கல்யாணப் பந்தல், எங்கும் அதுதான். யாரும் வராததால் ஒருமுறை இவர் கட்டினார், அப்புறம் அது இவருக்கே என்று ஆகிவிட்டது. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற மரிய செல்வம் என்றால் யாருக்கும் தெரியாது. யூதாஸ் வீடு என்று கேட்டால் பஸ் ஸ்டாப்பிலேயே வழி சொல்வார்கள்.

நான் ஒரு நாளும் விளையாட்டுக்குக்கூட இவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது எதிர்வீட்டுக் கலையரசி, "அக்கா, தஞ்சாவூர்ல தையல் படிப்பு எப்படிப் போவுது? முடிச்சதும் எனக்கொரு பிளவுஸு" என்றாள்.

தையலா? யார் சொன்னது?

"ஒங்க வூட்டுக்காரருதான்."

ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். ஐந்து மாதமாக. நான் நாடகம் படிப்பது அவருக்கு அத்தனை வெட்கம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "வுடு, எதுவா இருந்தா என்ன, படிப்புதானே" என்றார். அந்த "வுடு"தான் தாங்கவில்லை. என்னவெல்லாம் பேசினேன் — நான் ராத்திரி கண்ணு முழிச்சுப் படிச்சது, காலைல ஓடுறது, எல்லாம் உங்களுக்கு ஒரு பிளவுஸா? கடைசியில் அதையும் சொல்லிவிட்டேன்.

"ஊரு உங்களச் சரியாத்தான் கூப்புடுது!"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஜனவரி 8, திங்கள்

சோத்து டப்பாவை எடுக்காமலே லாரிக்குப் போய்விட்டார்.

ஜனவரி 11, வியாழன்

இன்னும் பேசவில்லை. குளிக்கத் தண்ணீர் காய்ந்துவிட்டது என்றால்கூடத் தலையாட்டல்தான்.

கலையரசி வந்து, "அன்னிக்கு என்னக்கா அப்படி ஒரு சண்ட? எங்க வூட்டு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். நடுவில் ரோடு இருக்கிறது, அவர்கள் வீட்டு முன்கூடம் இருக்கிறது, அதற்கப்புறம்தான் அடுப்படி. ஜெபமாலை ராகம் இருந்ததா என்று அவளிடம் கேட்க முடியுமா? இருந்திருக்காது.

குரல் வந்திருக்கிறது. வந்த இடம்தான் சரியில்லை.

ஜனவரி 13, சனி

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆனால் மனப்பாரம் இறங்கவில்லை. ஊர் சொன்னபோது இவருக்குத் தைத்ததை விட நான் சொன்னது ஆழமாகத் தைத்திருக்கும். பொண்டாட்டி வாயிலிருந்து வந்ததல்லவா.

கோவிலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு எண்ணம். அந்த யூதாசுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். அவன் செத்தபிறகு தெருவில் தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள்தானே? பிள்ளைகள் பின்னால் கத்தியிருக்கும்தானே? அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்?

என் பத்து நிமிஷம் இதுதான்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடே பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டேன், யூதாசின் அம்மாவாக நடிக்கப் பாஸ்காவில் பத்து நிமிஷம் வேண்டும் என்று. பக்கத்தில் இருந்த உபதேசியார் சவரியார்தான் முந்திக்கொண்டார்.

"யூதாசுக்கு ஏதும்மா அம்மா? வேதத்துல எங்க இருக்கு?"

"பேதுருவுக்கு மாமியார் இருக்காங்கள்ல. மாமியாருக்கு எடம் இருக்கு, அம்மாவுக்கு இல்லியா?"

சாமியார் சிரித்துவிட்டார். உபதேசியாருக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெக்கார்டுல இல்லாதத நடுவுல செருகுனா ஜனங்க எந்திரிச்சுப் போயிருவாங்க சாமி. அப்புறம் பிலாத்து யாருக்குத் தீர்ப்புச் சொல்லுவாரு?"

கடைசியில், யூதாஸ் சாவுக்கும் பிலாத்து வருவதற்கும் நடுவில் எப்படியும் அங்கி மாற்ற நேரம் வேண்டும், அதில் செய்துகொள் என்றார் சாமியார்.

மார்ச் 3, ஞாயிறு

தவக்காலம் முழுக்கச் சுத்தபோசனம், கறி மீன் கிடையாது. கத்திரிக்காய்க் குழம்பு. பரிமாறும்போது நானே ஆரம்பித்தேன். "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதாங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நாடகம்னு சொன்னா ஒனக்கும் ஒரு பேரு வைப்பானுவ. எனக்கு வச்சதே போதாதா, ஒனக்கும் எதுக்குன்னுதான் தையல்னு சொன்னேன்."

வெட்கம் இல்லை. பயம். எனக்காக.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் மட்டும் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆம்பிளைகள்!

அப்புறம் கையலம்பிவிட்டு வந்து, "அந்த அம்மா என்னதான் பேசுறா? பேசிக் காட்டு" என்றார்.

காட்டினேன். "கோயில்ல பேசுற மாதிரி இருக்கு" என்றார். மறுபடி பேசினேன். "இப்ப பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி இருக்கு." மறுபடி. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 17, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கோவில் மைதானம் நிறைந்திருந்தது. முன்னால் பாய், நடுவில் நாற்காலி, அதற்குப் பின்னால் ரோடு வரைக்கும் நின்றுகொண்டே பார்ப்பவர்கள். பானுப்ரியா மேடம் ஆர்த்தியையும் வேல்முருகனையும் கூட்டிக்கொண்டு வந்து, சொன்னபடி கடைசியில் போய் நின்றார்.

யூதாஸ் காட்சி முடிந்தது. இவர் அக்குளில் கயிறு மாட்டி வேப்பங்கிளையில் தொங்கினார், ஸ்பீக்கரில் இடி இடித்தது, பிறகு நிசப்தம். நான் குடத்தோடு வந்தேன்.

ஜனங்கள் என்னைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது. "ரெக்கார்டு நின்னுபோச்சுடோய்" என்று ஒரு குரல். சிரிப்பு. முதல் வரியைச் சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. பாயில் இருந்த இரண்டு பேர் எழுந்து முறுக்கு வாங்கப் போனார்கள். உபதேசியார் பிலாத்துவைத் தயாராக இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவ்வளவுதான், தைக்கத்தான் போகப்போகிறேன் என்று தோன்றியது.

திரும்பிப் பார்த்தேன். இவர் தலையைத் தொங்கவிட்டு ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு பையன் மேடையோரமாக வந்து அவரைப் பார்த்து, "யூதாசு" என்றான், வழக்கம்போல.

நான் அந்தப் பையனிடம் பேசினேன்.

"அந்தப் பேர வச்சது நான்தான்யா. நல்ல பேருன்னுதான் வச்சேன். அன்னிக்கு ஊர்ல பாதிப் புள்ளைங்களுக்கு அந்தப் பேருதான். இனிமே ஒருத்தியும் தன் புள்ளைக்கு வைக்க மாட்டா. அவன் செஞ்சது தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன் பசின்னு வந்தா சோறு போடாம இருந்திருப்பேனா? நீங்க சொல்லுங்க, உங்கள்ல யாரு போடாம இருப்பீங்க?"

அந்தப் பையன் அப்படியே நின்றுவிட்டான். எங்கிருந்து அடுத்த வரி வந்தது, எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. நினைவிருப்பது ஒன்றுதான்: முடித்த பிறகு யாரும் கை தட்டவில்லை. பிலாத்து வர மறந்துபோய் நின்றுகொண்டிருந்தார். உபதேசியார்தான் அவரைத் தள்ளிவிட்டார்.

மேடம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பரீட்சையாயிற்றே, முடிவைச் சொல்லக் கூடாதாம். வேல்முருகன் மட்டும், "அக்கா, ஆமென்" என்றான். கேலியாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பத்து நிமிசம்னு சொல்லிட்டு எவ்வளவு நேரம்டி பேசுவ? தோளு ரெண்டும் விட்டுப்போச்சு."

தைலம் தேய்த்துவிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டே, "நல்லா இருந்துச்சு" என்றார்.

ஏப்ரல் 19, வெள்ளி

நடிப்புப் பிரிவு. மாதாவே, நன்றி.

மே 21, செவ்வாய்

மத்தியானம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆண்டாயி அக்கா. கீழத்தெரு. முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். மகன் தர்மன் ஒரு வெட்டு வழக்கில் திருச்சி ஜெயிலில் இருக்கிறான். அதிலிருந்து ஊரில் யாரும் அவரிடம் நின்று பேசுவதில்லை. நானும்தான்.

"சலேத்து, வேலையா இருக்கியா?"

"இல்லக்கா, உள்ள வாங்க."

தயங்கித் தயங்கி வந்தார். "அன்னிக்கு ரோட்டோரமா நின்னு பாத்தேன். ஒண்ணுவிடாம கேட்டுச்சு. நல்ல பேருன்னுதான் வச்சேன்னு சொன்னியே… அத எனக்கு இன்னொரு வாட்டி சொல்லுவியா? ஞாயித்துக்கெழம மவனப் பாக்கப் போறேன். போனா பேச்சே வரமாட்டேங்குது. கம்பியப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டு வந்துர்றேன்."

அடுப்பை அணைத்தேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன். கத்த வேண்டியிருக்கவில்லை. முழங்காலோடு முழங்கால் தொடுகிற தூரம்தான்.

முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தர்மன்னு பேரு வச்சது நான்தான்" என்றார். "அவங்கப்பா வேற பேரு சொன்னாரு. நான்தான் கேக்கல. பொறந்தப்ப எப்படி இருப்பான் தெரியுமா…"

சொல்லத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. வெயில் தாழ்ந்து இவர் லாரியிலிருந்து வந்து சேரும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.